வாரத்தில் ஒருநாள் தண்ணீர்!

குளத்தை இறைத்தார்கள். சொட்டு நீர் தங்காமல் இறைத்தார்கள். பிறகு புதுநீர் விட்டு நிரப்பினார்கள்.

பாம்பு செத்து மிதந்ததா? இல்லை. பாசி படர்ந்து நாறியதா? அதுவும் இல்லை. வாரத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், வெள்ளையர் அல்லாதார் அந்தக் குளத்தில் இறங்கிக் குளித்தார்கள். அவர்கள் மேனி பட்ட நீர், மறுநாள் வெள்ளை மேனியில் படலாமோ? படலாகாது! ஆகவே இறைத்தார்கள்.

எந்த ஊர் அக்ரகாரத்துச் சேதி இது என்று கேட்பீர்கள், தோழர்களே! வில்லியனூர்த் தோழருக்கும் பாகூர்த் தோழருக்கும் இப்படிப்பட்ட சேதி புதிதல்லவே! ஆனால் இது நடந்தது அமெரிக்காவிலே. சுதந்திர தேவிக்குச் சிலை வைத்த நாட்டிலே. கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்சுக்கு அருகே பாசடேனா என்றொரு நகரம். அங்கே புரூக்சைடு பூங்கா. பூங்காவிலே நீச்சல் குளம். காலம் 1930கள். அந்த ஒருநாளுக்கு அவர்கள் சூட்டியிருந்த பெயரைக் கேளுங்கள்: "சர்வதேச நாள்"! ஒதுக்கி வைப்பதற்கு ஓசை நயத்தோடு பெயர் வைப்பதில் நம் நாட்டு மேதாவிகளை மிஞ்ச ஆள் கிடையாது என்று எண்ணியிருந்தோம். அங்கும் இருந்திருக்கிறார்கள்.

1927 மார்ச் 20. மராட்டிய மண்ணில் மகாடு என்னும் ஊரில், சவுதார் குளத்தில், ஆயிரக்கணக்கான ஒடுக்கப்பட்ட மக்களோடு இறங்கி, ஒரு கை நீர் அள்ளிப் பருகினார் டாக்டர் அம்பேத்கர். பிறகு என்ன செய்தார்கள் சனாதனிகள்? 108 மண்பானைகளிலே பாலும் தயிரும் சாணமும் கோமூத்திரமும் கொண்டுவந்து குளத்திலே கொட்டி, மந்திரம் சொல்லி, தீட்டுக் கழித்தார்கள். மகாடுக்காரன் சாணியைக் கரைத்தான். பாசடேனாக்காரன் குழாயைத் திறந்தான். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு விஞ்ஞான வளர்ச்சி மட்டுமே!

பாசடேனாவிலே கறுப்பின மக்கள் வழக்கு மன்றம் ஏறினார்கள். தீர்ப்பும் அவர்கள் பக்கம் வந்தது. நகரசபை என்ன செய்தது? எல்லோருக்கும் திறப்பதைவிட எவருக்கும் திறவாதிருப்பதே மேல் என்று, குளத்தைச் சில ஆண்டுகள் மூடியே வைத்தது. தான் குளிக்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தான் குளிக்கக்கூடாது!

நான் சொல்ல வந்தது, அந்த ஒருநாள் தண்ணீரிலே குதித்துக் குதித்து உலகை வென்ற ஒரு சிறுவனைப் பற்றி.

பெயர் சாமி லீ. 'சாமி' என்றதும் பகுத்தறிவுத் தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம்; சாமுவேல் என்பதன் செல்லச் சுருக்கம் அது. 1920 ஆகஸ்டு 1ஆம் நாள், கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரிலே பிறந்தவன். பெற்றோர் கொரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். கொரியா அப்போது ஜப்பானின் காலடியில் கிடந்தது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் சோன் கீ சுங் என்ற கொரியன்; ஏறியதோ ஜப்பானின் கொடி! காலெல்லாம் நம்முடையது, கொடி மட்டும் அவனுடையது என்ற அந்த வேதனை, மூவண்ணப் பிரெஞ்சுக் கொடியை அண்ணாந்து பார்த்து வளர்ந்த புதுச்சேரி முதியவர்களுக்குப் புரியும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சர்க்கார் கட்டடத்தின் நெற்றியில் மூன்று சொல் இருந்தது. ஊரிலே கிணறு மட்டும் இரண்டாகவே இருந்தது!

சாமியின் தந்தை சிறு கடைக்காரர். சாப்பாட்டுக் கடையும் மளிகைக் கடையுமாகக் காலம் தள்ளியவர். 1932இல் லாஸ் ஏஞ்சல்சிலே ஒலிம்பிக் நடந்தது. தெருவெல்லாம் பல நாட்டுக் கொடிகள். பன்னிரண்டு வயதுப் பையன் தந்தையைக் கேட்டான், இதெல்லாம் எதற்கு என்று. உலகிலேயே சிறந்த வீரர்கள் கூடும் போட்டி என்றார் தந்தை. நானும் ஒருநாள் அதிலே வெல்வேன் என்றான் மகன். எந்த ஆட்டத்திலே என்று கேட்டிருந்தால் விழித்திருப்பான், அவனுக்கே தெரியாது! அந்தக் கோடையிலேதான், குளத்திலே குட்டிக்கரணம் போடுவதில் தனக்கு நிகர் தன் கூட்டாளிகளில் எவனும் இல்லை என்பதைக் கண்டுகொண்டான். அதுதான் டைவிங். (இதற்கு 'நீர்ப்பாய்ச்சல்' என்று அழகு தமிழில் எழுத ஆசைதான். எழுதினால் பாகூர் உழவர், வயலுக்கு மடை திறக்கும் சேதி என்றெண்ணி மண்வெட்டியோடு வந்துவிடுவார். ஆகவே டைவிங் என்றே எழுதுகிறேன்.)

வாரத்தில் ஒருநாள் தண்ணீர். மற்ற ஆறு நாள்?

மணல்! ஜிம் ரயன் என்றொரு பயிற்சியாளர் கிடைத்தார். முரட்டு மனிதர். ஆனால் முத்தை அடையாளம் காணத் தெரிந்தவர். தன் வீட்டுக் கொல்லையிலே குழி தோண்டினார். மணலைக் கொட்டி நிரப்பினார். பலகையை அமைத்தார். குதி என்றார். குதித்தான் சாமி. அந்தரத்திலே சுழன்றான்; மணலிலே காலூன்றி நின்றான். மறுபடி குதி என்றார். மறுபடி குதித்தான். ஆற்று மணலிலே பல்டி அடித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். மணல் தண்ணீரைப்போல் மன்னிக்காது. கணக்குத் தப்பினால் கணுக்கால் போகும். காலை இழுத்து இழுத்து எழ வேண்டும். ஆறு நாள் மணலிலே குதித்தவனுக்குத் தொடை இரும்பாயிற்று. ஏழாம் நாள் பலகையிலிருந்து எழும்பியபோது, என்றும் தண்ணீரிலேயே புரண்ட பிள்ளைகளைவிட உயரமாக எழும்பினான். உயரம் கூடினால் சுழல நேரம் கூடும். அவன் ஆளோ ஐந்தடிக்குச் சற்றே மேல்!

இன்று உலகெங்கும் டைவிங் பயிற்சியிலே பாதி தரையிலேதான் நடக்கிறது. மெத்தை, கயிறு, துள்ளுவலை, பஞ்சுக்குழி என்று பல கருவிகள். அன்று இனவெறி ஒருவனை மணலுக்கு விரட்டியது. இன்று அதையே பாடத்திட்டமாக வைத்திருக்கிறார்கள்.

இந்த ரயனுக்கும் ஒரு புண் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அவரிடம் முன்பு பயின்றவன் பரீத் சிமைக்கா என்ற எகிப்தியன். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் மேடையில் அவனே வென்றான் என்று அறிவித்தார்கள். எகிப்தின் தேசியகீதமும் ஒலித்தது. பிறகு, புள்ளி அவனுக்கு அதிகமானாலும் நடுவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கனையே முதலாவதாக வைத்திருக்கிறார்கள் என்று கணக்கைத் திருப்பிப் போட்டுத் தங்கத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பாட்டைப் பாடிவிட்டுப் பரிசைப் பறித்த கதை! நடுவரே குறை காண முடியாத அளவுக்கு ஒருவனைத் தேற்ற வேண்டும் என்ற வைராக்கியம் ரயனுக்கு வந்திருந்தால் அதிலே வியப்பில்லை.

பத்து மீட்டர் மேடை என்றால் என்ன? கேட்பதற்குச் சின்ன எண். ஏறிப் பார்த்தால் தெரியும். ஏறத்தாழ முப்பத்து மூன்று அடி. மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடி விளிம்பிலே நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து தண்ணீருக்கு வந்துசேர ஒன்றரை நொடிகூட ஆகாது. நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வில்லியனூர்ச் சாலையில் பேருந்து போகும் வேகம். அந்த வேகத்திலே வயிறு படிய விழுந்தால் தண்ணீர் தண்ணீராக இருக்காது, பலகையாக இருக்கும். இந்த ஒன்றரை நொடிக்குள்தான் இரண்டு, மூன்று முறை சுழல வேண்டும், திருகவும் வேண்டும், கடைசியில் ஊசிபோல நேராக வேண்டும். முன்பக்கம் குதிப்பது, பின்பக்கம் குதிப்பது, முன்னே எழும்பிப் பின்னே சுழல்வது, பின்னே எழும்பி உள்ளே சுழல்வது, உடலைத் திருகுவது, மேடை விளிம்பில் கை ஊன்றித் தலைகீழாக நின்று அப்படியே விழுவது என்று ஆறு வகை. நடுவர்கள் சுழியிலிருந்து பத்து வரை புள்ளி போடுவார்கள். குதிப்பு எவ்வளவு கடினமோ அந்த அளவால் பெருக்குவார்கள். நீர் எவ்வளவு குறைவாகத் தெறிக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்கும் சூட்சுமம் உண்டு. விரலைக் கூப்பி ஈட்டிபோலக் குத்துவதில்லை. ஒரு கையை இன்னொரு கை பற்றி, உள்ளங்கை தட்டையாக நீரை அறைய வேண்டும். அறைந்த இடத்திலே ஒரு துளை விழும். அந்தத் துளை வழியே உடல் முழுவதும் நுழைந்துவிடும்.

நம் பிள்ளைகள் இதையெல்லாம் பெயர் தெரியாமலேயே செய்தவர்கள். பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே வந்து பாகூர் ஏரியை நிரப்பும் காலத்திலே, ஏரிப் பாசனத்துக் கிராமங்களின் வயல் கிணறுகளைப் பாருங்கள். பம்புசெட் கொட்டகையின் கூரைமேல் ஏறி நிற்பான் ஒருவன். "மேல வரேன், வழிவிடுடா!" என்று ஒரு கூச்சல். அந்தர்பல்டி! காலைக் கட்டிக்கொண்டு தொப்பென்று விழுந்து கரையிலே துவைக்கும் தாயார்மேல் நீரை வாரி இறைப்பது ஒரு கலை. தெறிக்காமல் சொருகுவது இன்னொரு கலை. யார் கற்றுக்கொடுத்தார்கள்? எவரும் இல்லை. ஆனால் ஒன்று, தம்பிகளே! ஆழம் அறியாத கிணற்றில் தலைகீழாகக் குதிக்காதீர்கள். பத்து மீட்டர் மேடையின் கீழ் நாலரை மீட்டருக்குக் குறையாமல், கூடுமானால் ஐந்து மீட்டர் ஆழம் வைக்கிறார்கள். கோடைக் கிணற்றிலே அது இருக்காது. பாறையில் தலை மோதினால் கழுத்தெலும்பு முறியும். உயிர் மிஞ்சினாலும் கைகால் மிஞ்சாது.

சாமியின் கதைக்கு வருவோம். பள்ளியிலே படிப்பிலும் சூரன். மாணவர் தலைவனாகவே தேர்ந்தெடுக்கப்பட்டான். பள்ளி முடிவில் நடன விருந்து வைத்தார்கள். வைத்த மண்டபத்திலே வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி. மாணவர் தலைவன் வெளியே! வாக்குப் போட அவன் வேண்டும், வாசற்படி ஏற அவன் வேண்டாம். இந்தச் சங்கதியை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. தேர்தல் கண்ட தோழர்களுக்குத் தெரிந்ததுதான்.

தந்தைக்கு ஒரே ஆசை, மகன் டாக்டராக வேண்டும். பகலெல்லாம் உழைத்து இரவெல்லாம் கணக்குப் பார்க்கும் எந்தத் தகப்பனின் ஆசையும் அதுதானே! மகன் இரண்டையும் சுமந்தான். 1942இல் அமெரிக்க நாட்டு டைவிங் பட்டத்தை வென்றான். வெள்ளையரல்லாதவன் ஒருவன் அதை வென்றது அதுவே முதல்முறை. ஆனால் 1940 ஒலிம்பிக்கும் 1944 ஒலிம்பிக்கும் போரிலே பொசுங்கிப் போயின. இருபது வயதிலே ஏற வேண்டிய மேடைக்கு இருபத்தெட்டு வயது வரை காத்திருந்தான். 1943இல் தந்தை மறைந்தார். 1947இல் மகன் மருத்துவப் பட்டம் பெற்றான். பார்க்கத் தந்தை இல்லை.

1948 ஆகஸ்டு. லண்டன், வெம்பிளி நீச்சல் அரங்கம். அன்று வில்லியனூரிலே பறந்தது பிரெஞ்சுக் கொடி. இந்தியா சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைந்துகொண்டிருந்த நேரம். மேடையிலே நிற்கிறார் டாக்டர் சாமி லீ, அமெரிக்க ராணுவத்து மருத்துவ அதிகாரி. முன்னோக்கி மூன்றரைச் சுழல்! அந்நாளிலே நினைத்தாலே நெஞ்சு நடுங்கும் குதிப்பு. சுழன்றார். நீரிலே மறைந்தார். வெளியே தலை நீட்டியபோது, நன்றாகக் குதித்தோமா, வயிறடிக்க விழுந்தோமா என்று அவருக்கே தெரியவில்லையாம். புள்ளிப் பலகை சொல்லிற்று. 130.05 புள்ளி, தங்கம்!

அவருக்கும் இரண்டு நாள் முன்பே, அதே குளத்தில் தங்கம் வென்றுவிட்டாள் ஒரு பெண். விக்கி டிரேவ்ஸ். தந்தை பிலிப்பைன்ஸ் நாட்டவர், மனாலோ என்பது குடும்பப் பெயர். தாய் ஆங்கிலேயப் பெண். சான் பிரான்சிஸ்கோவிலே ஒரு பெரிய ஓட்டலின் நீச்சல் கழகத்தில் சேரப் போனபோது, மனாலோ என்ற பெயரோடு வந்தால் சேர்க்க முடியாது, தாயின் பெயரான டெய்லர் என்பதை வைத்துக்கொள் என்றார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பெண். பெயரை மாற்றிக்கொண்டாள். அதன்பிறகும் மற்றவர்களோடு சேர்க்காமல், அவள் ஒருத்திக்காகவே தனியாக ஒரு கழகத்தைப் பெயரளவில் உண்டாக்கி அதிலே வைத்தார்கள். ஒருத்திக்கு ஒரு சேரி! அந்தப் பெண்தான் 1948இல் ஸ்பிரிங்போர்டு, மேடை இரண்டிலும் தங்கம் வென்றாள். ஒரே ஒலிம்பிக்கிலே இரண்டையும் வென்ற பெண் அவளுக்கு முன் எவளும் இல்லை. கடைசிக் குதிப்புக்கு முன் மனம் தளர்ந்து நின்றவளுக்குத் தைரியம் சொன்னவர் யார் தெரியுமா? சாமி லீ. தகப்பன் பெயரை மறைத்தால்தான் தண்ணீர் தருவேன் என்ற அதே சான் பிரான்சிஸ்கோவிலே இப்போது ஒரு பூங்காவுக்கு 'விக்டோரியா மனாலோ டிரேவ்ஸ்' என்று, மறைக்கச் சொன்ன பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

1952, ஹெல்சிங்கி. மீண்டும் சாமி லீ, மீண்டும் பத்து மீட்டர், மீண்டும் தங்கம். 156.28 புள்ளி. அன்று அவருக்கு முப்பத்திரண்டாவது பிறந்தநாள். மேடைப் போட்டியிலே அடுத்தடுத்து இருமுறை வென்ற முதல் ஆண் அவரே. 1953இல் அமெரிக்காவின் தலைசிறந்த விளையாட்டு வீரர் என்று சல்லிவன் விருது தந்தார்கள். நிறவெறி இல்லாத நாடு எங்கள் நாடு, பாரீர் என்று காட்ட, நல்லெண்ணத் தூதராக ஆசிய நாடுகளுக்கும் அனுப்பினார்கள்.

1954 அக்டோபர் 18இல் நம் கீழூரிலே 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்று வாக்களித்து வரலாறு படைத்தார்களே, அதற்கு மறு ஆண்டு. கொரியாவிலே ராணுவ மருத்துவராகத் தொண்டாற்றித் திரும்பிய மேஜர் சாமி லீ, கார்டன் குரோவ் என்னும் ஊரிலே வீடு வாங்கப் போனார். ஒலிம்பிக் வீரரா? ஆம். டாக்டரா? ஆம். ராணுவ மேஜரா? ஆம். கொரியரா? அப்படியானால் வீடு இல்லை! உங்களுக்கு விற்றால் என் வேலை போய்விடும் என்றார் தரகர். இன்னொருவரிடம் போனார், அங்கும் அதே பதில். "நீங்க என்ன ஆளுங்க?" என்று வாடகை வீட்டு வாசலிலே கேட்கப்பட்ட தோழர்கள் இந்தப் பத்தியை இரண்டாம் முறை படிக்க வேண்டாம். ஏடுகள் இதை எழுதின. நாடே நாணியது. துணைக் குடியரசுத் தலைவர் நிக்சன்வரை சேதி போயிற்று. பிறகுதான் வீடு கிடைத்தது. தங்கப் பதக்கம் இரண்டு வைத்திருந்தவருக்கே இந்தப் பாடு; பதக்கம் இல்லாத கொரியனுக்காக எந்த ஏடு எழுதும்?

அந்த வட்டாரத்திலேயே பாப் வெப்ஸ்டர் என்றொரு வெள்ளைக்கார இளைஞன். அவன் படித்த கல்லூரியிலே நீச்சல் குளமே கிடையாது. லீ என்ன செய்தார்? தன் ஆசான் செய்ததையே செய்தார். வீட்டுக் கொல்லையிலே மணற்குழி! அந்த வெப்ஸ்டர் 1960இல் ரோமிலும் 1964இல் டோக்கியோவிலும் பத்து மீட்டர் மேடைத் தங்கத்தை வென்றான். பிறகு வந்தான் கிரெக் லூகானிஸ். சமோவாத் தீவுக் குருதி கலந்தவன், தத்துப்பிள்ளை. கறுத்த தோலுக்காகப் பள்ளியிலே கேலி பேசப்பட்டவன். அவனை வீட்டிலேயே தங்கவைத்துத் தேற்றினார் லீ. 1976இல் பதினாறு வயதிலே அவன் வெள்ளி வென்றான். பின்னாளில் வேறோர் ஆசானிடம் பயின்று 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் இரண்டிரண்டு தங்கம் அள்ளினான். லீயோ காது மூக்குத் தொண்டை மருத்துவராகப் பல்லாண்டு தொழில் பார்த்து, 2016 டிசம்பரிலே தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். லாஸ் ஏஞ்சல்சிலே ஒரு பள்ளிக்கு இன்று அவர் பெயர்.

நம் நாட்டுக்கு இந்த ஆட்டத்திலே பெருமையே இல்லையா என்றால், உண்டு. 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கே. பி. தக்கர் என்ற இந்தியர் ஸ்பிரிங்போர்டு, பத்து மீட்டர் மேடை இரண்டிலும் தங்கம் வென்றார். அதன்பிறகு ஆசியப் போட்டி டைவிங்கிலே இந்தியாவுக்குத் தங்கம் என்பதே இல்லை. எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குத் துணிவு குறைந்துவிட்டதா? இல்லை, பம்புசெட் கூரைமேல் ஏறுகிற பிள்ளையின் துணிவில் எந்தக் குறையும் இல்லை. குறைந்தது தண்ணீர். போர்வெல் வந்தது, நிலத்தடி நீர் இறங்கியது, திறந்த கிணறுகள் ஒவ்வொன்றாக வறண்டு குப்பைக்குழியாயின. ஊர்க்கிணற்றிலே நம்மை இறங்கவிடாத காலம் ஒன்று இருந்தது. இப்போது இறங்கக் கிணறே இல்லாத காலம் வந்திருக்கிறது. கிணறும் போயிற்று, குளமும் வரவில்லை. காசு கட்டி நீந்தும் குளங்கள் நகரத்திலே உண்டு. வெட்டுக்கூலிக்குப் போகும் தகப்பன் அந்தக் காசுக்கு எங்கே போவான்? வாரத்தில் ஒருநாளாவது விட்டான் பாசடேனாக்காரன்!

ஆகவே, கிளைத் தோழர்களே, வில்லியனூரிலும் பாகூரிலும் கொம்யூன் பஞ்சாயத்துக்குச் சாலைக்கும் விளக்குக்கும் மனு எழுதும்போது, நீச்சல் குளம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். குதிக்க மேடை வேண்டும், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், கட்டணம் கூடாது என்றும் எழுதுங்கள். ஆழம் ஐந்து மீட்டர் என்பதை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட மறவாதீர்கள். இல்லையென்றால் மூன்றடிப் பள்ளம் வெட்டி, நீலச்சாயம் அடித்து, மாலை போட்டுத் திறப்பு விழா நடத்திவிடுவார்கள்!